கறுக்க வேண்டியது, வெளுக்க வேண்டியது

செத்துப்போன சிறுநீரகத்துக்குள்ளும் சில நொதிகள் செய்தி தெரியாமல் கொஞ்ச நேரம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றுக்குச் செய்தி எட்டுவதற்குள் ஓடிப்போய்க் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் எங்கள் தொழில்.

பிடிப்பது சாயத்தால். சிறுநீரகத்தை உறையவைத்து, வெங்காயத் தோலை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நொதி உடைத்துத் தின்னக்கூடிய ஒரு கரைசலை அதன்மேல் ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அந்தக் கரைசலில் இருக்கும் சரக்குக்கு எங்கள் அறையில் 'தீனி' என்று பெயர். நொதி வேலை செய்துகொண்டிருந்தால் தீனியை உடைக்கும். உடைந்த துண்டு விழுந்த இடத்தை இன்னும் இரண்டு மருந்துகள் ஊற்றிக் கறுப்பாக்குவோம். சிறுநீரகத்தில் இருக்கிற நுண்குழாய்களின் உள்விளிம்பு மட்டும் மை தீட்டியதுபோல் கறுக்கும். கூடவே இன்னொரு தகடு உண்டு. எல்லா மருந்தும் ஊற்றி, தீனி மட்டும் போடாதது. அது கறுக்கக் கூடாது. கறுத்தால் அது நொதியின் வேலை அல்ல, நம் கைவரிசை. இந்த வெளுத்த தகட்டுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். பாலுக்கு உறை ஊற்றிவிட்டுப் பத்து தடவை மூடியைத் திறந்து பார்க்கிறவர்கள், மாவு பொங்கியதா என்று விடியும் முன் எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாரும் என் இனம்தான். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மரக்காணத்தைத் தாண்டி, உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கிற ஒரு மருத்துவக் கல்லூரியில் நான் ஒப்பந்தத் தொழில்நுட்பப் பணியாளர். வெயிலில் நாள் முழுக்க நிற்கிற உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகம் என்ன ஆகிறது என்று எங்கள் டாக்டரம்மா ஆராய்கிறார். அதற்காக ஒரு அறை, உறைய வைத்துச் சீவுகிற கிரையோஸ்டாட் என்ற இயந்திரம் ஒன்று, நான், அட்டெண்டர் ஏழுமலை அண்ணன். ஜனவரியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மார்ச் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் பரிசோதிக்க வருகிறார். பத்து ஜோடித் தகடுகள் வைக்க வேண்டும். எதில் தீனி போட்டது, எதில் போடாதது என்று எழுதக் கூடாது, எண் மட்டும். அவர் பார்த்துச் சொல்வார். கறுக்க வேண்டியது வெளுத்திருந்தாலோ, வெளுக்க வேண்டியது கறுத்திருந்தாலோ பிரிவை மூடிவிடுவார்கள். கிரையோஸ்டாட் வேறு கல்லூரிக்குப் போய்விடும். நான் திண்டிவனத்துக்குப் போய், முன்னால் வேலை பார்த்த அதே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சிறுநீர்க் குப்பிகளுக்குப் பெயர் ஒட்ட வேண்டும். நான்கு வருஷம் ஒட்டியிருக்கிறேன். போதும்.

நேரம் கேட்டது

மனிதச் சிறுநீரகத்திலிருந்து ஊசியில் எடுக்கிற துணுக்கு பாதிச் சேமியா அளவுதான் இருக்கும். அதில் கை பழக முடியாது. ஆட்டுச் சிறுநீரகத்தில்தான் பழக வேண்டும். பேராசிரியருக்கான பத்து ஜோடியும் அதில்தான். அறுத்து இருபது நிமிடத்துக்குள் உறைய வைத்தாக வேண்டும். மரக்காணம் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போய் நின்றேன். முதல் நாள் அவர் கொழுப்போடு எடுத்துக் கொடுத்தார். கொழுப்பு வேண்டாம் என்றேன். மிளகு போட்டு வறுக்கக் கொழுப்புதான் ருசி என்றார். வறுக்கப் போவதில்லை என்றேன். வெட்டுக்கத்தியைக் கட்டை மேல் வைத்துவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"இது எத்தனை மணிக்கு அறுத்தது பாய்?" என்று கேட்டேன். "காலையில" என்றார். "காலையில எத்தனை மணி, எத்தனை நிமிஷம்?" உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று நினைத்துக்கொண்டு கடையின் உரிமச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். அதை நான் படிக்கவில்லை என்றதும் இன்னும் குழம்பினார். நான் நோட்டில் ஆட்டின் நிறம், கிடாவா பெட்டையா, அறுத்த நேரம் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாய் சிறுநீரகத்தை ஐஸ் பெட்டியில் பவ்யமாக வைத்தார்.

"ஜல்தி போங்கம்மா. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. உசுரோட இருந்தப்போ யாரும் கேக்கல, செத்த ஆட்டுக்கு இப்ப ஜாதகம் எழுதறீங்களே, பொண்ணு பாத்திருக்கீங்களா?"

பெட்டி மாறியது

கடைத்தெருவிலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோ. என் பக்கத்தில் குப்பத்திலிருந்து மீன் விற்க வருகிற அஞ்சலை அக்கா. அவர் மடியில் ஒரு தெர்மகோல் பெட்டி, என் மடியில் ஒரு தெர்மகோல் பெட்டி. உப்பளத்துக் காற்றில் இரண்டுமே ஒரே மாதிரி பழுத்துப்போனவை. வழியில் இன்னும் மூன்று பேர் ஏறியதில் பெட்டிகள் காலடிக்குப் போயின. கல்லூரி வாசலில் இறங்கி ஓடினேன். பதினெட்டாவது நிமிடத்தில் அறைக்குள் நுழைந்து, கையுறை மாட்டி, மூடியைத் திறந்தேன். நெத்திலி. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "இதுலயும் நொதி இருக்கும். ஆனா நாம எழுதிக் குடுத்தது ஆடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டவே மாட்டார். அதுதான் கஷ்டம்.

அக்கா பத்தரை மணிக்கு விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். பெட்டியை மேஜை மேல் வைத்தார். சிறுநீரகம் பளபளவென்று இருந்தது. பைப்படியில் நன்றாகக் கழுவி, நடுவில் கீறி, நரம்பு எடுத்து, கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று கல்லுப்பு தடவியிருந்தார். இவ்வளவு அன்பாக யாரும் என் சோதனைப் பொருளைக் கெடுத்ததில்லை. நான் நெத்திலியை ஒன்று குறையாமல் ஒப்படைத்தேன்.

"ரெண்டு தெரு கூவிட்டுத்தான் பெட்டியத் தொறந்தேன். ஏம்மா, உன் மீனுக்குத் தலையும் இல்ல வாலும் இல்ல, அதை நான் இன்னா மீனுன்னு சொல்லி விக்கிறது?"

முட்டை

கறுப்பாக்குகிற கடைசி மருந்து அம்மோனியம் சல்பைடு. பாட்டிலின் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். நச்சுக்காற்றை வெளியே இழுக்கிற அலமாரிக்குள் வைத்துத்தான் ஊற்றுவோம். அலமாரி அந்தக் காற்றை யோக்கியமாக வெளியே தள்ளும். எங்கே தள்ளுகிறது என்று யாரும் யோசித்ததில்லை. எங்கள் ஜன்னலுக்குக் கீழே கல்லூரி கேன்டீனின் சமையலறை இருந்தது.

பிப்ரவரியில் நான் தினமும் சாயம் போட்டேன். சில தகடுகள் நன்றாக வந்தன. சிலவற்றில் திட்டுத் திட்டாக வெளுப்பு. காரணம் புரியாமல் மறுபடி மறுபடி போட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை கேன்டீன் மாஸ்டர் மாடியேறி வந்து கதவருகில் நின்றார். மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். முகத்தில் ஒரு மனிதன் நிரபராதி என்று தெரிந்துகொண்டபோது வருகிற துக்கம் தெரிந்தது. மூன்று நாளாக அவித்த முட்டை அத்தனையும் குப்பையில் கொட்டி, முட்டை கொண்டுவருகிறவரிடம் கெட்ட வார்த்தையில் சண்டை போட்டு, ஆளையே மாற்றியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பன்னெண்டு வருஷப் பழக்கம் மேடம். இப்ப என் போனையே எடுக்க மாட்டேங்கறான். நீங்களே பேசி, அது முட்டை இல்ல, நீங்கதான்னு சொல்லிடுங்க."

ரெண்டு சொட்டு

நோயாளியின் துணுக்கு எங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். சிகிச்சைக்காக எடுத்தது போக, அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டும் ஒரு சின்னத் துண்டு வரும். அதைப் பார்மலினில் போடக் கூடாது. பார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், நொதியைக் கொன்றுவிடும். இதைச் சிவப்பு எழுத்தில் எழுதி வார்டில் ஒட்டியிருந்தேன். பயிற்சி டாக்டர் தம்பி ஒருவர் அதன் கீழேதான் தினமும் டீ குடிப்பார்.

ஒரு நாள் அவரே துணுக்கைக் கொண்டுவந்தார். குப்பியைத் திறக்கும்போதே கண் எரிந்தது. "பார்மலின் ஊத்தினீங்களா?" என்றேன். இல்லை என்று தலையசைத்தார். நான் குப்பியை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்தத் துணுக்குக்கும் சாயம் போட்டுப் பார்த்தேன். தீனி போட்டதும் போடாததும் ஒரே வெளுப்பு. அஞ்சலை அக்காவும் சரி, இவரும் சரி, எங்கள் அறையில் நாசமானது எல்லாமே கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்ற எண்ணத்தில் நாசமானதுதான்.

"ஊத்தல மேடம். ரெண்டே ரெண்டு சொட்டுதான் விட்டேன், அது தனியா பயப்படுமேன்னு."

பாத்தி தெரிந்தவர்

கோதண்டம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். நாற்பது வயதிருக்கும். துணுக்கு கொடுத்தவர்களில் ஒருவர். மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்தவர் நேராக எங்கள் அறைக்கு வந்து, "என் கிட்னியப் பாக்கலாங்களா?" என்றார். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கத் தெரியாமல் முதலில் தன் இமை மயிரையே கொஞ்ச நேரம் பார்த்துப் பயந்தார். பிறகு பிடிபட்டது. நுண்குழாய்களைக் குறுக்கே சீவினால் சின்னச் சின்ன அறைகளாகத் தெரியும், உள்விளிம்பில் கறுப்பு. "அட, பாத்தி!" என்றார். அப்புறம் தகட்டை மெதுவாக நகர்த்தச் சொன்னார். ஒரு மூலையில் அறைகள் வெளுத்திருந்தன. அங்கே நிறுத்தினார். "இந்தப் பக்கம் மழை பேஞ்சிருக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நோய் அங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதே ஆளோட இன்னொரு தகட்டை எடு" என்றார். அதில் அதே இடம் நன்றாகக் கறுத்திருந்தது. ஆக, வெளுப்பு கோதண்டத்தினுடையது அல்ல. தகடுகளை ஒரு மணி நேரம் சூட்டில் வைக்கிற டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஈரம் காயாமலிருக்க அடியில் நனைத்த துணி போட்டு மூடுவேன். மூடியின் உட்புறம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தகட்டின் மூலையில் விழுந்து தீனியை நீர்த்துப்போகச் செய்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக நான் தேடிய திட்டு. மூடியைச் சாய்வாக வைத்தேன். தீர்ந்தது. கோதண்டம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"என் கிட்னி நல்லாதான் வேலை செய்யுதுங்க மேடம். உங்க கூரைதான் ஒழுவுது."

கசப்புத் தண்ணீர்

தீனிக் கரைசலில் ஒரு சிட்டிகை மக்னீசியம் சேர்ப்போம். அது நொதிக்கு முதுகில் தட்டிக்கொடுப்பது மாதிரி. பேராசிரியர் வர ஒன்பது நாள் இருக்கும்போது மக்னீசியம் குளோரைடு பாட்டிலைத் திறந்தால், கடற்காற்று பட்டு அத்தனையும் தண்ணீராகிக் கிடந்தது. புதியது வர ஒரு வாரம். டாக்டரம்மா ஊரில் இல்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதை ஏழுமலை அண்ணன் பார்த்தார். அவர் குடும்பத்தில் பாதிப்பேர் உப்பளத்தில். இவர் மட்டும் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில், பக்கத்து அறையில் வழக்கமான சாயம் போடுகிற வேலையில் இருந்தவர். எங்களிடம் வந்து மூன்று மாதம்தான்.

"மக்னீசியமா? உப்பு வாரின பொறவு பாத்தியில மிஞ்சுற கசப்புத் தண்ணியில அதுதானே மேடம் இருக்குது? ஆபீசருங்க வந்து சொல்லுவாங்க" என்றார். விஷயம் சரிதான். மறுநாள் காலை ஒரு குளிர்பான பாட்டில் நிறையக் கொண்டுவந்தார். கூடாது என்று எனக்குத் தெரியும். ஆட்டுச் சிறுநீரகத்தில்தானே, பார்த்தால் என்ன என்றும் தோன்றியது. வடிகட்டி, இரண்டு சொட்டு சேர்த்து, ஒரு ஜோடி போட்டேன். கடைசி மருந்தை ஊற்றியதும் தீனி போட்ட தகடு கன்னங்கரேலென்று கறுத்தது. தீனி போடாததும் கன்னங்கரேலென்று கறுத்தது. பாத்திச் சேற்றில் இருந்த இரும்போ வேறெதுவோ மருந்தோடு சேர்ந்துவிட்டது. அண்ணனிடம் கன்ட்ரோல் கறுக்கவே கூடாது என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் இரண்டு தகடுகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கம்பெனி மருந்து ஒண்ணுலதான் வேலை செய்யுது. நம்ம ஊரு தண்ணி ரெண்டுலயும் வேலை செய்யுது. இதுல எது மேடம் ஒசத்தி?"

பத்து நீலம்

மக்னீசியம் வந்தது. பாய் இந்த முறை நேரத்தைத் தானே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கூரை ஒழுகவில்லை. பேராசிரியர் வருவதற்கு முந்தைய மாலை பத்து ஜோடியும் முடிந்தன. பத்து கறுப்பு, பத்து வெளுப்பு. டாக்டரம்மா எண்களைக் கலைத்துப் போட்டுப் பட்டியலைப் பூட்டி வைத்தார். மேலே ஒட்டுகிற மெல்லிய கண்ணாடியைக் காலையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று தட்டில் அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத்தான் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கவனித்தேன்.

காலை எட்டே முக்காலுக்கு வந்து பார்த்தால் தட்டில் பத்து கறுப்பு. மற்ற பத்தும் அழகான நீலம். பக்கத்தில் ஏழுமலை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார், வேலை முடித்த களைப்போடு. ஏழு மணிக்கே வந்திருக்கிறார். பத்து தகட்டில் சாயமே ஏறவில்லை என்று பார்த்திருக்கிறார். மேடம் நேற்று அசதியில் மறந்துவிட்டார், பெரிய மனிதர் வந்து பார்த்தால் வேலை போய்விடும் என்று பதறி, பக்கத்து அறைக்கு எடுத்துப்போய், இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிற ஹெமடாக்ஸிலினில் முக்கி எடுத்திருக்கிறார். உயிரணுக்களின் உட்கருவை நீலமாக்குகிற, எல்லா ஆய்வகத்திலும் இருக்கிற சாதாரணச் சாயம். அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னேனே அண்ணா என்றேன்.

"கறுப்பு கூடாதுன்னுதானே மேடம் சொன்னீங்க? நீலம் கூடாதுன்னு சொல்லவே இல்லியே."

ஒரு மணி நேரம்

பேராசிரியர் ஒல்லியானவர். மைக்ராஸ்கோப் பக்கமே போகவில்லை. நின்றபடியே தட்டைப் பார்த்தார். "எது கன்ட்ரோல்னு எண் போட்டு மறைச்சிருக்கீங்க. சரி. இதைக் கண்டுபிடிக்க நான் எதுக்கு? கேட்டுல நிக்கிற செக்யூரிட்டியே சொல்லிடுவாரே" என்றார். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை அண்ணன் முன்னால் வந்து, "நான்தாங்க போட்டேன். மேடத்துக்குத் தெரியாது" என்றார். பேராசிரியர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தட்டை ஓரமாகத் தள்ளினார். "ஜோடியில ஒண்ணுக்கு மட்டும் தனிச் சாயம் போட்டா செல்லாது. என் முன்னாடி ஒரு ஜோடி போடும்மா. உங்க பாஷையில தீனி போட்ட பாட்டில் எது, போடாத பாட்டில் எதுன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். நீதான் எனக்குச் சொல்லணும்."

உறைந்த சிறுநீரகத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அவர் உள்ளறைக்குப் போய்க் கரைசல்களைத் தானே கலந்து, ஒன்று, இரண்டு என்று எழுதிய பாட்டில்களோடு வந்தார். நான் சீவினேன். முதல் சீவல் சுருண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதும் நான்காவதும் தகட்டில் படிந்தன. ஊற்றினேன், டப்பாவை மூடினேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம். பேராசிரியர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டார். டாக்டரம்மா ஒரே பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை அண்ணன் உள்ளே வர மறுத்து வராந்தாவில் நின்றார். ஜன்னல் வழியே உப்பளத்தில் இரண்டு பேர் உப்புக் குவியலை ஓலையால் மூடிக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

கடைசி மருந்தை ஊற்றியதும் நாற்றம் எழுந்தது. பேராசிரியர் கண்ணை மூடி, பிறந்த வீட்டுக்கு வந்தவர்போல் மூச்சை இழுத்தார். இரண்டாம் எண் தகட்டில் பழுப்புப் படர்ந்து கறுத்தது. ஒன்றாம் எண்ணில் ஒன்றும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். விளிம்பு விளிம்பாகக் கறுப்பு, நடுவில் சுத்தம். "ரெண்டாவது பாட்டில்லதான் சார் தீனி" என்றேன். அவர் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்துத் தலையசைத்தார். மூச்சு விடப் போனேன். அதற்குள் ஒன்றாம் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தார். "இதுல எனக்கு ஒண்ணுமே தெரியல. இதுல கிட்னி இருக்குதுன்னு நான் எப்படி நம்பறது? தண்ணியில கழண்டு போயிருந்தாலும் இப்படித்தானே இருக்கும்? வெறும் கண்ணாடியும் கறுக்காதே" என்றார். மூன்று மாதத்தில் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"ஏழுமலையைக் கூப்பிடு" என்றார் டாக்டரம்மா. அவர் உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டு, தகட்டை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மூன்று நிமிடம். கழுவி, துடைத்து, கொண்டுவந்து வைத்தார். பேராசிரியர் குனிந்தார். கண்ணாடி முழுக்க நுண்குழாய்கள், ஒவ்வொன்றிலும் நீலப் புள்ளிகள் வரிசையாக. விளிம்பில் கறுப்பு மட்டும் இல்லை. சிறுநீரகம் அங்கேதான் இருந்தது, பட்டினியாக. அவர் நிமிர்ந்து எழுத ஆரம்பித்தார். பிரிவு தொடரலாம். இயந்திரம் இங்கேயே இருக்கலாம். ஒப்பந்தம் ஒரு வருஷம். ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் தீனி போட்டது, போடாதது இரண்டுக்கும் கடைசியில் லேசாக நீலம் ஏற்ற வேண்டும். அவர் கார் கிளம்பியதும் நான் ஏழுமலை அண்ணனிடம் போனேன். நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் யாரும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா மேடம், அந்தப் பத்துக்கும் கலர் போட மறந்தது நீங்கதான்."

எங்கள் தொழிலில் நிரந்தரமானது விரல் நகத்தில் ஏறிய கறுப்பு ஒன்றுதான். என் வேலை இன்னும் பதினோரு மாதத்துக்கு.